வீட்டு லொறிக்குப் பார்க் லைற் போட்ட கதை

நான் நாலு வருடம் குடியிருந்த வீட்டுக்கு ஆறு சில்லுகள். கப்பல்துறையில், கண்டி வீதியை விட்டு இறங்கும் மண் ஒழுங்கையின் முடிவில், இரண்டு வேம்புகளுக்கும் ஒரு தூர்ந்த கிணற்றுக்கும் நடுவில் அது நின்றது. அக்கம்பக்கத்தார் அதை வீட்டு லொறி என்பார்கள். முன்னுக்கு ஒரு சின்ன லொறியின் தலை. பின்னுக்கு, சாமான் ஏற்றும் பெட்டி இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளை நிறத்தில் ஒரு வீடு. உள்ளே ஒரு கட்டில், மடக்குகிற மேசை, ஒரு ஆள் மட்டும் நின்று சமைக்கக்கூடிய குசினி, கதவில் கண்ணாடி பதித்த சின்ன அலுமாரி. ஐந்து ஜன்னல்கள். அதற்கு முன் நான் படுத்த இடங்களில் ஜன்னலை எண்ணவேண்டி வந்ததில்லை.

அது என்னுடையதல்ல. கனடாவில் இருக்கிற ஒரு அக்காவுடையது. காணியும் அவருடையதுதான். சண்டை முடிந்த பிறகு அவரும் கணவரும் விடுமுறையில் வந்து, நாட்டைச் சுற்றிப் பார்க்க என்று இதைக் கட்டுவித்தார்கள். ஒரே ஒரு தடவை சுற்றினார்கள். மறுபடி வருவதற்கிடையில் கணவர் அங்கேயே இறந்துபோனார். லொறி வேம்புக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. நான் அப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நோய்க்காலத்தில் ஹோட்டலைப் பூட்டினார்கள். எனக்குப் படுக்க இடமில்லை, அந்த அக்காவுக்கு வாகனத்தைப் பார்க்க ஆளில்லை. இடையில் யாரோ இருந்து இரண்டையும் பொருத்திவிட்டார்கள்.

"சம்பளம் எண்டு தர ஏலாது தம்பி. இருந்து பாத்துக்கொள்ளுங்கோ" என்றார் போனில்.

எனக்கு அது போதும்.

என் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. நான் நிற்கவில்லை, பள்ளிக்கூடம்தான் நின்றது. ஊரே எழும்பி ஓடின வருடம் அது. பிறகு முகாம். பிறகு லொறியில் கிளீனர். திரியாயில் கரைவலை இழுத்தேன். கட்டாரில் கம்பி கட்டினேன். திரும்பி வந்து உப்பளத்தில் நின்றேன். ஒரு இடத்திலும் இரண்டு மாரி இருந்ததில்லை. துரத்தினார்கள் என்றும் சொல்ல முடியாது. சில இடங்களில் நல்லபடியாகத்தான் வைத்திருந்தார்கள். கால் நிற்காது, அவ்வளவுதான். இந்த லொறிக்குள் மட்டும் நாலு மாரி இருந்துவிட்டேன். சில்லு இருந்ததாலோ என்னவோ. நினைத்தால் வெளிக்கிடலாம் என்கிற வீட்டிலிருந்து எனக்கு வெளிக்கிடத் தோன்றவில்லை.

பகலில் கூலிக்குப் போவேன். கிணறு இறைப்பது, வேலி அடைப்பது, தேங்காய் உரிப்பது. பின்னேரம் வந்து கால் கழுவி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கதவடியில் இருப்பேன். மரங்களுக்கு அங்கால் குடாவின் தண்ணீர் ஒரு கீற்று தெரியும். அந்தக் கரையில் மா ஆலையின் விளக்குகள் ஒவ்வொன்றாக வரும். லொறிக்குக் கீழே ஒரு நாய் படுத்துக்கொள்ளும். அதுவும் என்னைப் போல எங்கிருந்தோ வந்தது. பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் சாப்பாடும் வைக்கவேண்டும். ஆனாலும் பாணின் கரையை அதற்குத்தான் போடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிடுவேன், அக்கா போன் எடுப்பார். மற்ற நாட்களில் என் போனுக்கு வருவது ரீலோட் போடச்சொல்லும் கம்பனியின் செய்திகள் மட்டும். சில கிழமைகள் நான் வாய் திறந்து கதைத்ததை நினைத்துப் பார்த்தால், கடையில் "ஒரு பாண்" என்றதும் நாயை "அங்கால போ" என்றதும்தான் இருக்கும்.

போன வருடம் புரட்டாதியில், ஒரு ஞாயிறு, அக்கா வழக்கம்போல வேம்பில் இலை கொட்டுகிறதா என்று கேட்டார்.

"தம்பி, நான் இனி அங்க வரமாட்டன். முழங்கால் இரண்டும் ஏலாது. அதை விக்கப்போறன்."

"ஓம் அக்கா."

"ஆனா ஓடுற ஆளுக்குத்தான் குடுப்பன். நிப்பாட்டி வைக்கிறதுக்கு அவர் கட்டேல்ல. மட்டக்களப்பில ஒரு பஸ் ரைவர் இருக்கிறார், பென்சன் எடுத்தவர். மனிசியோட ஊர் ஊராப் போகப்போறாராம். எஞ்சின் பழசு எண்டன், அது பரவாயில்லை எண்டார். ரயரும் பரவாயில்லையாம். சுத்திவர உள்ள பார்க் லைற் எல்லாம் எரியவேணும் எண்டு மட்டும் நிண்டுபிடிக்கிறார்."

அந்த மனிதர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த வீடு லொறியின் தலையைவிட இரண்டு பக்கமும் ஒரு அடி அகலம். ஹெட்லைற்றை மட்டும் போட்டுக்கொண்டு பொழுது பட்ட பிறகு போனால், எதிரே வருகிறவனுக்கு ஒரு சின்ன லொறி வருவதாகத்தான் தெரியும். கிட்ட வந்த பிறகுதான் வீடு தெரியும். அதற்காகத்தான் முன் நெற்றியில் மூன்று மஞ்சள், பின்னால் மேலே மூன்று சிவப்பு, பக்கத்துக்கு இரண்டு மஞ்சள் என்று சின்ன லைற்றுகளை வைத்திருந்தார்கள். நான் வந்தபோதே அவற்றில் ஒன்றும் எரியவில்லை. குடாவின் உப்புக்காற்று மூடிகளை மங்கலாக்கிவிட்டது. இரண்டுக்குள் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. நாலு வருடமாக அவற்றை நான் லைற் என்று நினைத்ததே இல்லை. சுவரில் உள்ள மருக்கள் மாதிரி.

"எத்தினை நாள் எடுக்கும்?" என்றார் அக்கா.

"மழைக்கு முதல் முடிக்கவேணும்" என்றேன். அது பதில் இல்லை. ஆனால் அதுதான் விசயம். ஐப்பசியில் மழை தொடங்கினால் அந்த ஒழுங்கை களியாகிவிடும். சைக்கிளே போகாது. மழைக்கு முன் லொறி வெளியே போகாவிட்டால் தை மாதம் வரைக்கும் போகாது. தை வரைக்கும் எனக்குக் கூரை இருக்கும்.

அதை நான் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கப்பண்ணினது நிலாவெளி முதலாளி.

நிலாவெளியில் அவருக்குக் கடற்கரையோடு ஒரு ஹோட்டல் இருந்தது, நான் கோப்பை கழுவினது அல்ல, வேறொன்று. லொறி விலைக்கு வருகிறது என்று எப்படியோ கேள்விப்பட்டு ஜீப்பில் வந்து இறங்கினார். சுற்றிவந்து பார்த்தார். கதவைத் திறந்து என் கட்டிலைக் கையால் அமத்திப் பார்த்தார்.

"சில்லைக் கழட்டிப்போட்டு நாலு கல்லில ஏத்திவைச்சா வெள்ளைக்காரன் வரிசையில நிப்பான். மனிசி எனக்குத் தராதாம். ஓடுற ஆளுக்குத்தானாம். இது என்ன கலியாணமோ, மாப்பிளை நடக்கிறானோ எண்டு பாக்கிறதுக்கு?"

நான் சிரித்தேன்.

"நீர் என்ன, ஏணியோட நிக்கிறீர்?"

"பார்க் லைற் மாத்தவேணும் முதலாளி."

"உமக்கு விசரோ?" என்றார். கோபமாக இல்லை, உண்மையிலேயே கேட்டார். "அந்த லைற் எரிஞ்சா உம்மட வீடு மட்டக்களப்புக்குப் போகும். நீர் எங்க போவீர்? லைற் சரிவராது, வயர் எல்லாம் உக்கிப்போச்சு எண்டு சொல்லும். மழை வந்தா இது அசையாது. தையில மனிசி சலிச்சுப்போய் எனக்கே தரும். நீரும் அதோட வாரும். காவலுக்கு ஆள் வேணும்தானே. மாரியில ஒரு வெள்ளைக்காரனும் வரமாட்டான், அப்ப நீர் உள்ளுக்கே படும்."

அவர் கெட்டவர் இல்லை. நடக்கக்கூடியதைத்தான் சொன்னார். நான் பொய்கூடச் சொல்லத் தேவையில்லை, வெளியே தெரிந்த வயர் நுனிகள் உண்மையாகவே உக்கித்தான் இருந்தன. சோம்பலாக வேலை செய்தால் போதும், மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

"பாப்பம் முதலாளி" என்றேன்.

"பாரும் பாரும்" என்று ஜீப்பில் ஏறினார்.

அடுத்த நாள் பஸ் எடுத்து டவுனுக்குப் போனேன். வாகன லைற் விற்கிற கடையில் அந்த அளவில் நிலையாக எரிகிற மஞ்சள் லைற் கிடைப்பது சுலபமாக இருக்கவில்லை. கடைக்காரர் நீலம், பச்சை, ஊதா எல்லாம் எடுத்துப் பரப்பினார். எல்லாம் மினுங்குகிறவை.

"மினுங்காதது இல்லையா?"

"மினுங்காததை ஆர் வாங்கிறது? லொறிக்காரனுக்கு, ஓட்டோக்காரனுக்கு, எல்லாருக்கும் தன்ர வாகனம் திருவிழாவுக்குப் போறமாதிரி இருக்கவேணும்." உள்ளே போய்த் தூசி தட்டிக்கொண்டு ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். "இது ஆரோ வேண்டாம் எண்டு திருப்பித் தந்தது. செத்தவீட்டு லைற்."

அந்தச் செத்தவீட்டு லைற்றுகளைத்தான் வாங்கிவந்தேன்.

வேலையில் இறங்கினபோது, கிளீனராக இருந்த காலத்தில் படித்த பாடம் கைக்கு வந்தது. லொறியில் ஒரு லைற்றுக்கு ஒரு வயர்தான் கொண்டுபோகவேண்டும். மற்ற வயருக்குப் பதில் பொடிதான், அதாவது லொறியின் இரும்பு உடம்பு. பற்றரியின் ஒரு முனை லொறியின் இரும்பில் கட்டியிருக்கும், ஆகவே லைற்றின் மற்ற முனையை எங்காவது இரும்பில் முறுக்கினால் போதும். பொடி எர்த் என்பார்கள். எத்தனையோ தடவை மழையில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ரோட்டோரத்தில் அப்படிச் செய்திருக்கிறேன். பெயின்ற்றைச் சுரண்டி, முறுக்கினதும் பளிச்சென்று வரும்.

பழைய லைற்றுகளைக் கழற்றினேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருந்த துளைக்குள் வயர் என்று சொல்ல ஒன்றுமில்லை, பச்சைத் தூள் மட்டும் கொட்டியது. ஆகவே கூரையின் விளிம்பு வழியாகப் புது வயர் இழுத்தேன். விளிம்பைச் சுற்றி ஒரு அலுமினியப் பட்டி ஓடியது. எர்த்தை அந்தப் பட்டியில் ஸ்குரூ போட்டு முறுக்கினேன். மூன்று நாள் வேலை. சுவிச்சைப் போட்டால் ஒன்றும் எரியவில்லை.

ஒரு லைற்றைக் கழற்றிப் பற்றரியில் நேரே பிடித்தேன், எரிந்தது. ஏணியில் ஏறிப் பூட்டினேன், எரியவில்லை. பட்டிக்குக் கீழே இரும்பு இருக்கும் என்று உளியால் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட வெள்ளைத் தூள் வந்தது. இரும்பு வரவில்லை. தூள் கைகளில் ஏறி அரிக்கத் தொடங்கியது. பின்னேரம் கதவடியில் இருந்து சொறிந்துகொண்டு மா ஆலையின் விளக்குகளைப் பார்த்தேன். மேற்கே முகில் கறுத்துக் கிடந்தது. முதலாளி சொன்னபடி நடக்கிறது, நான் ஒன்றும் செய்யாமலே நடக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தும் நித்திரை வரவில்லை. வேலை செய்யாத ஒரு பொருள் பக்கத்தில் கிடந்தால் எனக்கு அப்படித்தான்.

அந்த வீட்டைக் கட்டினவர் கிண்ணியாவில் இருக்கிறார், மீன்பிடி போட் கட்டுகிற முஸ்லிம் அண்ணர், நானா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று அக்கா ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. விடிந்ததும் பஸ் ஏறிப் பாலம் கடந்து போனேன். பட்டறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, அந்தப் பிசின் மணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். நானா ஒரு கவிழ்த்த போட்டின் அடியை அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். தாடியெல்லாம் வெள்ளைத் தூள்.

"ஆரு தம்பி?"

"கப்பல்துறையில அந்த வீட்டு லொறியில இருக்கிறனான், நானா."

"அட, அது இன்னும் உசிரோட இரிக்கா?" தேய்ப்பதை நிறுத்தினார். "என்ன, கூரை ஒழுகுதா? ஒழுகாதே!"

"ஒழுகேல்ல. லைற் போட்டனான். எர்த் பிடிக்குதில்லை."

"எதில எர்த் குடுத்தாய்?"

"சுத்திவர ஒரு பட்டி ஓடுதே, அதில."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். உள்ளே திரும்பி, பட்டறையில் நின்ற ஒருவருக்குக் குரல் கொடுத்தார். "டேய், இஞ்ச வா. ஒரு ஆள் பைபருக்கு எர்த் குடுத்திரிக்கிறார்!" அந்த ஆளும் வந்து நின்று சிரித்தார்.

"நாலு வருசமா அதுக்குள்ள படுக்கிறாய். அண்ணாந்து பாக்கல்லையா? கூரை வளைஞ்சிரிக்கா இல்லையா? பதினெட்டு அடிப் போட்டுட அச்சிலதான் அந்தக் கூரையை வாத்தது. போட்டைக் கவுத்துவெச்சி, கீழ சுவர் குடுத்து, லொறிக்கு மேல ஏத்தினோம். அதில இரும்பு எங்க இரிக்கி? அந்தப் பட்டி சும்மா, வடிவுக்கு ஒட்டினது, லொறி இரும்போட தொடுப்பு இல்ல."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பைபர் என்று தெரியும். தட்டினால் சத்தம் தெரியும். ஆனால் சில்லு இருந்தது, ஸ்ரியரிங் இருந்தது, அதனால் லொறி என்று கை முடிவு செய்துவிட்டது. கூரையின் வளைவைப் பார்த்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் கண்ணை மூடினேன். போட் என்று நினைத்ததில்லை.

"நாங்க போட்டுக்குப் போடுறமாதிரித்தான் போட்டது. எல்லாத்துக்கும் இரட்டை வயர். சுவருக்குள்ள மெல்லிசாக் குழாய் வெச்சி, அதுக்குள்ளால. கட்டிலுக்குக் கீழ ஒரு மூடி இரிக்கி, திறந்து பாத்தியா?"

"மூடியோ?"

"பாயைத் தூக்கிப் பார். எல்லா வயரும் அங்கதான் வந்து சேரும். ஒவ்வொண்டிலயும் ஒரு முழம் மிச்சம் சுத்தி வெச்சிரிக்கன். கடல்ல நுனிதான் முதல்ல உக்கும். உக்க உக்க வெட்டிப்போட்டு, மிச்சத்திலரிந்து தள்ளிக் குடுக்கணும். மிச்சம் விடாமப் போட் கட்டினவன் ஒரு வருசத்துக்குத்தான் கட்டினான்."

தேத்தண்ணி கொடுத்தார். எழும்பும்போது லொறியை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நீ?"

தோளை அசைத்தேன். அவர் பட்டறையின் பின்பக்கத்தைக் காட்டினார். வேலியோரம் ஒரு பெரிய அச்சு கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. "அந்தக் கூரைட தாய் இதுதான். இடமில்லாட்டி வந்து இதுக்குக் கீழ படு. அதே வளைவு. ஜன்னல் மட்டும் இல்ல." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். பகிடிதான். ஆனாலும் நான் குனிந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பாயைத் தூக்கினேன். மூடி இருந்தது. நாலு வருடம் அதற்கு மேல் படுத்திருக்கிறேன். கத்தியால் விளிம்பைக் கீறித் திறந்தேன். சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டிக் கட்டின பத்துச் சுருள்கள், ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில். ஒரு காய்ந்த பல்லி. சுருளின் நுனியை வெட்டினேன். உள்ளே செப்பு, இன்றைக்குக் கடையில் வாங்கினது மாதிரிப் பளபளவென்று.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. இது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் உள்ளே இருந்து வயரைத் தள்ளவேண்டும், மற்றவர் வெளியே ஏணியில் நின்று துளையால் நுனி வருகிறதா என்று பார்த்துப் பிடிக்கவேண்டும். "வருதா?" "இல்லை, இன்னும்." "வருதா?" "ஆ, பிடிச்சிட்டன்." அப்படி நடக்கவேண்டிய வேலை. நான் கட்டிலுக்குக் கீழே குப்புறப் படுத்துத் தள்ளினேன், எழும்பி வெளியே போய் ஏணியில் ஏறிப் பார்த்தேன், வரவில்லை, இறங்கி உள்ளே போய் இன்னும் தள்ளினேன், மறுபடி வெளியே. சிலது கூடத் தள்ளுப்பட்டுத் துளைக்கு வெளியே பாம்புக்குட்டி மாதிரித் தொங்கும். சிலது நடுவில் எங்கோ முட்டி நிற்கும். நான் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் நாய் எழும்பி நிற்கும், ஏறும்போது படுக்கும். பிறகு அதற்கும் அலுத்துவிட்டது.

யாரையும் உதவிக்குக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்துக் காணியில் ஆட்கள் இருந்தார்கள். நாலு வருடத்தில் அவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு நான் பழகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதை ஏன் செய்தேன்? நேர்மை என்று சொன்னால் பெரிய சொல்லாகிவிடும். அந்தச் செப்பு பளிச்சென்று வந்த பிறகு கை நிற்கவில்லை. உக்கிப்போச்சு என்று இனி என்னால் சொல்ல முடியாது. உக்கவில்லை என்று நான் பார்த்துவிட்டேன்.

பத்தாவது லைற்றைப் பூட்டி, தண்ணீர் போகாமல் சுற்றிச் சிலிக்கன் பூசி முடித்தது ஒரு சனிக்கிழமை. அடுத்த நாள் அக்கா எடுத்தபோது முகம் தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னேன். எங்களுக்குப் பொழுது படுகிற நேரம், அவருக்குக் காலை. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கேயோ வெளிக்கிட நின்றார். அவருடைய முகத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட வயது கூட.

சுவிச்சைப் போட்டுவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு சுற்றிவந்தேன். முன்னுக்கு மூன்று மஞ்சள். பக்கத்தில் இரண்டு. பின்னால் சிவப்பு.

"தெரியுதோ அக்கா?"

"தள்ளி நில்லுங்கோ தம்பி. முழுசாத் தெரியவேணும்."

கிணற்றடி வரைக்கும் பின்னால் போனேன்.

"இன்னும் கொஞ்சம்."

வேலியில் முதுகு முட்டும்வரை போனேன். வேம்புகள் இருண்டுவிட்டன. வெள்ளைச் சுவரும் மங்கிவிட்டது. லைற்றுகள் மட்டும் அந்த வீட்டின் மூலைகளைக் காட்டிக்கொண்டு நின்றன.

"நுவரெலியாவில அவர் லைற்றைப் போட்டிட்டு, இறங்கிப் போய்ப் பார், எவ்வளவு வடிவு எண்டு என்னைக் கெஞ்சினவர்" என்றார் அக்கா. "குளிருது, பிறகு பாப்பம் எண்டு நான் இறங்கேல்ல. இப்பத்தான் பாக்கிறன்."

நான் போனை அசையாமல் பிடித்தேன். கை வலித்தது, ஆனாலும் இறக்கவில்லை. அங்கே யாரோ கதவைத் தட்டினார்கள். "வாறன், வாறன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "சரி தம்பி, அவையளை வரச்சொல்லுறன்" என்று வைத்துவிட்டார்.

அவர்கள் புதன்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சாரதி உயரமான, நேராக நடக்கிற மனிதர். மனைவி ஒரு பையில் தேசிக்காயும் கர்ப்பூரமும் தேங்காயும் கொண்டுவந்திருந்தார். சாரதி எஞ்சினைக் கேட்டார், ரயரை உதைத்தார், பிறகு ஏறி இருந்து மனைவியைப் பின்னால் அனுப்பினார்.

"பிறேக் லைற் எரியுதோ?"

"எரியுது."

"பார்க் லைற்?"

"எரியுது, எரியுது. எல்லாம் எரியுது. பஸ்ஸில கொண்டக்டரைத் திண்டது காணாதெண்டு இப்ப என்னையும்."

"மேல மூண்டும் எரியுதோ?"

"நீங்களே இறங்கி வந்து எண்ணுங்கோ!"

அவர் இறங்கிவந்து எண்ணினார். ஏணியில் ஏறி ஒவ்வொரு லைற்றாகக் கையால் தொட்டு ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. "ஆர் செய்தது?" என்றார். நான்தான் என்றேன். "முப்பது வருசம் ஹபரணைக் காட்டு ரோட்டில இரவு பஸ் ஓடினனான்" என்று மட்டும் சொன்னார்.

கட்டிலுக்குக் கீழே இருக்கிற மூடியையும் மிச்ச வயரையும் காட்டினேன். அரை முழம்தான் மீதி இருந்தது. அது உக்கும்போது எங்கே வெட்டவேண்டும், எப்படித் தள்ளவேண்டும் என்று சொன்னேன். "இரண்டு பேர் வேணும்" என்றேன். "இரண்டு பேர் இருக்கிறம்தானே" என்றார் மனைவி.

பிறகு அவர் அலுமாரியைத் திறந்து பார்த்தார். "உங்கட சாமான் எல்லாம் எடுத்திட்டியளோ?"

எடுத்துவிட்டேன். ஒரு பை. கேத்தலை விட்டுவிட்டேன், அதன் பிடி அந்தக் குசினியின் கொக்கிக்குத்தான் சரி.

சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். கர்ப்பூரம் கொளுத்தி மூன்று தரம் சுற்றினார்கள். எல்லாம் முடியப் பொழுது சரிந்துவிட்டது. முகில் தாழ இறங்கி நின்றது. லொறி பின்பக்கமாகத்தான் ஒழுங்கையால் போகவேண்டும், திருப்ப இடமில்லை. சாரதி கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். நான் கேட்காமலே பின்னால் போய் நின்றேன். கிளீனர் வேலை மறக்கிற வேலை இல்லை.

"வரட்டும்… வரட்டும்… இடப்பக்கம் ஒடியுங்கோ… வரட்டும்… வேலி, வேலி… நேராக்குங்கோ… வரட்டும்."

நான் பின்பக்கமாக நடந்தேன், என் வீடு என்னைப் பார்த்துப் பின்பக்கமாக வந்தது. மூன்று சிவப்பு லைற்றுகளும் என் தலைக்கு மேலே. ஒழுங்கை முழுக்க அப்படி வந்தோம். கண்டி வீதியில் ஏறினதும், ஒரு பஸ்ஸைப் போகவிட்டு, லொறியைத் திருப்பி நேராக்கினார். நான் பக்கச் சுவரில் இரண்டு தரம் தட்டினேன். கிளீனர் தட்டுவது அப்படித்தான், இரண்டு தட்டு என்றால் போகலாம். இரும்பில் தட்டினால் வருகிற சத்தம் வரவில்லை. போட்டில் தட்டின சத்தம் வந்தது.

"றைற்!" என்றேன்.

போனது. வளைவு வரைக்கும் அதன் அகலம் முழுவதும் தெரிந்தது. எதிரே வந்த லொறி ஒன்று தூரத்திலேயே ஒதுங்கி வழி விட்டது.

திரும்பி ஒழுங்கைக்குள் நடக்கும்போது போன் அடித்தது. ஞாயிறு இல்லை.

"போட்டினமோ தம்பி?"

"ஓம் அக்கா. இப்பத்தான்."

"லைற் எல்லாம் எரிஞ்சதோ?"

"எல்லாம் எரிஞ்சது."

அவர் பக்கத்தில் ஒரு தண்ணீர்க்குழாய் ஓடி நின்றது. "நீங்கள் இண்டைக்கு எங்க படுப்பியள்?" என்றார்.

அந்த ஒரு மாதத்தில் ஒருவர் பேரம் பேசுகிற மாதிரியும் ஒருவர் பகிடியாகவும் அதைக் கேட்டிருந்தார்கள். இப்படி, பதில் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

"இடம் இருக்கு அக்கா. கிண்ணியாவில."

"நல்ல இடமோ?"

"அதே கூரைதான்" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. சரி, சரி என்றார். ஞாயிறு எடுக்கிறேன் என்றும் சொன்னார்.

வேம்புகளுக்கு நடுவில், லொறி நின்ற இடம் நீள்சதுரமாக வெறும் தூசியாய்க் கிடந்தது. சுற்றிவரப் புல், நடுவில் வருடக்கணக்காக மழையும் வெயிலும் படாத மண். நசுங்கின தேசிக்காய்களில் எறும்பு ஏறத் தொடங்கிவிட்டது. நாய் வழக்கமாகப் படுக்கிற இடத்திலேயே படுத்திருந்தது. மேலே ஒன்றுமில்லை என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை.

பையை எடுத்தேன். கிண்ணியா பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முதல் துளிகள் அந்தத் தூசியில் விழுந்து சின்னச் சின்னக் குழிகளாயின. நாயின் முதுகிலும் விழுந்தது. அது தலையைத் தூக்கி மேலே பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"வா" என்றேன்.

வரவில்லை. ஒழுங்கையின் பாதியில் நின்று திரும்பி இன்னொரு தரம் கூப்பிட்டேன். அது சுருண்டு, மூக்கை வாலுக்குள் வைத்துக்கொண்டு, அந்த நீள்சதுரத்தின் நடுவிலேயே கிடந்தது.